பகல் வெயிலைப் பார்க்காதீர்கள், ராத்திரி வெப்பத்தைப் பாருங்கள்

கேள்வி: போன ஜூலையில் ரோமுக்குத் தனியாகப் போனேன். 38 டிகிரி. மூன்றாம் நாளிலிருந்து காலை பத்து மணிக்கு மேல் வெளியே தலைகாட்ட முடியவில்லை, ராத்திரியும் தூக்கமில்லை. இந்த முறையும் ஜூலைக் கடைசியில்தான் இரண்டு வாரம் விடுப்பு கிடைக்கும். பெண், வயது 47. நன்றாக நடப்பேன், கார் ஓட்டத் தெரியாது. சிலர் ஐஸ்லாந்து என்கிறார்கள், சிலர் நார்வே என்கிறார்கள். செலவு கட்டுப்படியாகுமா, தனியாகப் போய் யாரோடும் பேசாமல் திரும்பி வருவேனோ என்று இரண்டு பயம். எங்கே போகலாம்?

பதில்: ஐஸ்லாந்தா நார்வேயா என்று நாட்டின் பெயரை வைத்துத் தேடினால் குழப்பம்தான் மிஞ்சும். ஒரு ஊர் எதனால் குளிர்ச்சியாக இருக்கிறது என்று முதலில் பாருங்கள். காரணம் மூன்றுதான்: வடக்கே இருப்பது, கடலோரம் இருப்பது, உயரத்தில் இருப்பது. இதில் முதல் காரணத்தை மட்டும் நம்பி டிக்கெட் எடுப்பவர்கள்தான் இப்போது அதிகம் ஏமாறுகிறார்கள். 2022 ஜூலை 19 அன்று இங்கிலாந்தில் 40.3 டிகிரி பதிவானது. 2025 ஜூலையில் பின்லாந்தில் தொடர்ந்து 22 நாள், நாட்டின் ஏதாவது ஒரு மூலையில் 30 டிகிரி தாண்டியது. ஆர்க்டிக் வட்டத்தை ஒட்டிய ஊர்களும் தப்பவில்லை. அங்கே வீடுகளும் விடுதிகளும் குளிர்காலத்துச் சூட்டை உள்ளேயே பிடித்து வைக்கக் கட்டப்பட்டவை. கனத்த சுவர், இறுக்கமான ஜன்னல், ஏசி அபூர்வம். ஆகவே அங்கே 30 டிகிரி என்றால், ஏசி போட்ட ரோம் ஓட்டலின் 38-ஐ விட மோசமாகக்கூட இருக்கும்.

கடலும் உயரமும் அப்படிக் கைவிடுவது குறைவு. அட்லாண்டிக் கடல் ஜூலையிலும் குளிர்ந்தே கிடக்கிறது. அதன் மேலாக வரும் காற்று படும் ஊர்களில் வெப்பம் ஏறினாலும் சாயங்காலத்துக்குள் இறங்கிவிடும். உயரத்தின் கணக்கு இன்னும் எளிது: ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஆறு டிகிரி குறையும்.

இதை நான் உடம்பால் புரிந்துகொண்டது இத்தாலியின் வடகோடியில், போல்சானோவில். ஆல்ப்ஸ் மலைக்கு நடுவே இருக்கும் ஊர்தானே, ஜில்லென்று இருக்கும் என்று நினைத்துப் போய் இறங்கினேன். சுற்றிலும் மலை, நடுவில் 260 மீட்டர் உயரத்தில் கிண்ணம் மாதிரி ஒரு பள்ளத்தாக்கு. சூடு உள்ளே இறங்கினால் வெளியே போக வழியில்லை. ரயில் நிலையத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் ரெனோன் மலைக்குக் கேபிள் கார் புறப்படுகிறது. ஏறும்போது சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. திராட்சைத் தோட்டங்கள் காலடியில் நழுவி, பைன் மரங்கள் வரத் தொடங்கின. பன்னிரண்டு நிமிடத்தில், 1,220 மீட்டரில் கதவு திறந்தபோது பையிலிருந்த ஸ்வெட்டரைத் தேடினேன். போல்சானோவின் வசதியான குடும்பங்கள் பல நூறு ஆண்டுகளாகச் செய்து வருவதும் இதைத்தான்: கோடை வந்தால் மூட்டை கட்டிக்கொண்டு மேலே. அதற்கு அவர்களிடம் ‘சோமர்ஃபிரிஷே’ என்று தனிப்பெயரே உண்டு. ஆகவே ‘ஆல்ப்ஸ்’ என்று கேட்டதும் மயங்காதீர்கள், ஊர் எத்தனை மீட்டரில் இருக்கிறது என்று பாருங்கள். வியன்னா, புடாபெஸ்ட், பிராக் போன்ற உள்நாட்டு நகரங்களில் கடலும் இல்லை, உயரமும் இல்லை. உங்கள் தேதிக்கு அவற்றை விட்டுவிடுங்கள்.

அடுத்தது ராத்திரி. எல்லோரும் பகல் வெப்பத்தை மட்டுமே பார்க்கிறார்கள். பகலில் ஒரு மியூசியத்துக்குள்ளோ தேவாலயத்துக்குள்ளோ ஒதுங்கிக்கொள்ளலாம், ராத்திரிக்கு ஒதுங்க இடமில்லை. வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்காத இரவை ஐரோப்பிய வானிலைக்காரர்கள் ‘வெப்பமண்டல இரவு’ என்கிறார்கள். ரோமில் உங்களைச் சோர வைத்ததும் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். ஒரு ஊரைத் தேர்ந்தெடுக்கும் முன் அதன் மாத சராசரியைப் பார்த்துவிட்டு நின்றுவிடாதீர்கள். கடந்த ஐந்தாறு ஆண்டுகளில் ஜூலை 20 முதல் ஆகஸ்ட் 5 வரை ஒவ்வொரு நாளும் பதிவான குறைந்தபட்ச வெப்பத்தைப் பாருங்கள். அது பெரும்பாலும் 16-க்குக் கீழே இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம்.

ஊர் சரியாக அமைந்தும் அறை காலை வாருவது உண்டு. தனி ஆளுக்கென்று விடுதிகள் வைத்திருக்கும் ஒற்றைக் கட்டில் அறை பெரும்பாலும் கடைசி மாடியில், சாய்ந்த கூரைக்கு அடியில்தான் இருக்கும். நாள் முழுவதும் வெயில் குடித்த கூரை, தலைக்கு ஒரு முழம் மேலே. முன்பதிவு செய்யும்போதே மூன்று கேள்வி எழுதிக் கேளுங்கள்: எந்த மாடி, ஜன்னல் முழுதாகத் திறக்குமா, மின்விசிறி தருவீர்களா? மூன்றாவது கேள்விக்குப் பதில் வராத விடுதியை நான் விட்டுவிடுவேன்.

இனி ஐஸ்லாந்து. குளிர்ச்சியைப் பொறுத்தவரை சந்தேகமே வேண்டாம், ரெய்க்யவிக்கில் ஜூலைப் பகலே 14 டிகிரி அளவில்தான் இருக்கும். ஆனால் அந்த நாட்டில் ரயிலே கிடையாது, வெளியூர்ப் பேருந்தும் சொற்பம். நாலு பேராகப் போனால் கார் வாடகையைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். ஓட்டத் தெரியாத தனி ஆள் தினமும் சுற்றுலா பஸ்ஸுக்குப் பணம் கட்டி, அவர்கள் இறங்கச் சொல்லும் இடத்தில் இறங்கி, இருபது நிமிடத்தில் ஏறிக்கொள்ள வேண்டும். உங்களைப் போல நடக்க விரும்புகிறவருக்கு அது தண்டனை. வேண்டாம்.

உங்களுக்கு நான் சொல்வது நார்வேயின் ஓஸ்லோ–பெர்கன் ரயில் பாதை: தலைநகர் ஓஸ்லோவிலிருந்து மலையேறி, மேற்குக் கடலோரத்துப் பெர்கனுக்கு இறங்குவது. நாடு முழுவதையும் சுற்ற வேண்டாம், இந்த ஒரு பாதை போதும். கடலும் உயரமும் இதில் சேர்ந்தே கிடைக்கின்றன. ஓஸ்லோவில் இரண்டு இரவு, ஃபின்சேயில் மூன்று, மிச்சமெல்லாம் பெர்கனில். ஓஸ்லோ சில ஜூலைகளில் சூடாகும், அதனால்தான் அங்கே இரண்டோடு நிறுத்துகிறேன்.

ஃபின்சே பலருக்குத் தெரியாத பெயர். கடல் மட்டத்திலிருந்து 1,222 மீட்டரில் ஒரு ரயில் நிலையம், சில கட்டடங்கள், ஒரு ஏரி, எதிரே ஹார்டாங்கர்யோகுலன் பனிப்பாறை. அவ்வளவுதான் ஊர். கார் போகும் சாலை கிடையாது. ரயிலில்தான் வர வேண்டும், இல்லாவிட்டால் நடந்தோ சைக்கிளிலோ. கார் ஓட்டத் தெரியாதவர் எதையும் இழக்காத இடம் ஐரோப்பாவில் இதைப்போல் அதிகம் இல்லை. ஜூலைப் பகலிலும் பத்துப் பன்னிரண்டு டிகிரிதான், நிழலில் பழைய பனி கிடக்கும். துருவப் பயணி ஷாக்கில்டன் அண்டார்டிகா போகும் முன் 1914-இல் தன் பயணச் சாதனங்களை இங்கே கொண்டுவந்துதான் சோதித்துப் பார்த்தார் என்றால் மிச்சத்தை ஊகித்துக்கொள்ளுங்கள்.

அங்கே டிஎன்டி என்ற நார்வே மலைநடைச் சங்கத்தின் விடுதி இருக்கிறது. 1868-இல் தொடங்கிய சங்கம் இது, நாடு முழுவதும் 500-க்கு மேல் மலைக்குடில்கள் வைத்திருக்கிறது. உங்கள் இரண்டாவது பயத்துக்கு மருந்து இந்த விடுதியின் சாப்பாட்டுக் கூடத்தில் இருக்கிறது. ராத்திரிச் சாப்பாடு எல்லோருக்கும் ஒரே நேரத்தில், நீள மேசையில். உங்களுக்கென்று தனி மேசை கேட்டாலும் கிடைக்காது. சூப் பாத்திரம் கைமாறி வரும்போது பக்கத்தில் இருப்பவர் உங்களுக்கு ஊற்றுவார், நீங்கள் அடுத்தவருக்கு ஊற்றுவீர்கள். ‘இன்றைக்கு எந்தப் பக்கம் நடந்தீர்கள்?’ என்ற கேள்வி வந்தே தீரும். பேச்சை யார் தொடங்குவது என்ற கூச்சமே எழாது. நகரத்து ரெஸ்டாரண்டில் ‘ஒருவர்தானா?’ என்று கேட்டுக் கழிவறைப் பக்கத்து மேசையைக் காட்டுகிறார்களே, அந்தக் கதை இங்கே இல்லை. படுக்கைக்கு ஒரு குறிப்பு: பை மாதிரித் தைத்த விரிப்பை நீங்களே கொண்டு போக வேண்டும், அதற்குள் நுழைந்துகொண்டுதான் அவர்களின் போர்வையைப் போர்த்திக்கொள்ள வேண்டும். மறந்தால் அங்கேயே வாங்கலாம், ஆனால் எடை ஒன்றும் இல்லை, எடுத்துப் போங்கள். சங்கத்தில் உறுப்பினராகச் சேர்ந்தால் கட்டணம் குறையும், மூன்று இரவு தங்குகிறவர் சேர்ந்துவிடுவதே நல்லது.

தனியாக நடப்பது பற்றி. பாதைகளில் பாறை மேல் சிவப்பு ‘டி’ எழுத்து தீட்டியிருப்பார்கள். ஒரு ‘டி’யிலிருந்து பார்த்தால் அடுத்தது தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால், மூடுபனி இறங்கிவிட்டது என்றால், வந்த வழியே திரும்புங்கள். திரும்பிப் போவதில் வெட்கமில்லை என்பது நார்வேயின் மலைநடை விதிகளிலேயே எழுதியிருக்கிறது. கிளம்பும்போது விடுதி வரவேற்பில் எங்கே போகிறீர்கள், எப்போது வருவீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள். பனிப்பாறையின் விளிம்பு வரை போய்த் திரும்ப அரை நாள் ஆகும். விளிம்போடு நில்லுங்கள், வழிகாட்டி இல்லாமல் அதன் மேல் கால் வைக்கக் கூடாது. அவசரத்துக்கு 112, ஐரோப்பா முழுக்க இதே எண்தான்.

ஃபின்சேயிலிருந்து பெர்கனுக்கு நேராகவும் போகலாம். நான் வழியில் வரும் மிர்டால் நிலையத்தில் இறங்கிவிடுவேன். அங்கிருந்து ஃப்ளோம் வரை 20 கிலோமீட்டருக்குள் 860 மீட்டர் கீழே இறங்கும் ஒரு சின்ன ரயில், ஃப்ளோமிலிருந்து பெர்கனுக்குக் கோடையில் ஃபியோர்டு (மலைகளுக்கு நடுவே நீளும் குறுகிய கடல் நீர்) வழியாக விரைவுப் படகு. ஃப்ளோமில் மட்டும் தங்க வேண்டாம். பெரிய சொகுசுக் கப்பல் வந்து நிற்கும் நாளில் அந்தக் குட்டி ஊர் திருவிழாக் கடைத்தெரு ஆகிவிடும்.

பெர்கன் மழை ஊர், ஆண்டில் 200 நாளுக்கு மேல் பெய்கிறது. ‘இங்கே மழை எப்போதாவது நிற்குமா தம்பி?’ என்று கேட்ட பயணியிடம், ‘தெரியாதுங்க, எனக்குப் பன்னிரண்டு வயசுதான் ஆகுது’ என்று ஒரு பையன் சொன்னதாக அவர்களே சொல்லிச் சிரிப்பார்கள். ஜூலையில் பகல் 18, 19 டிகிரி, இரவு 12 போல. குடை வேண்டாம், காற்றில் மடங்கிவிடும். தலைமூடி வைத்த நல்ல மழைக்கோட்டு வேண்டும். ஃப்ளோயன் குன்றுக்குக் கேபிள் ரயில் ஏறுகிறது, கீழே நடந்து இறங்குங்கள். வானம் தெளிந்த நாள் அமைந்தால் உல்ரிகன் மலையிலிருந்து ஃப்ளோயன் வரை மேட்டு வழியாக ஐந்தாறு மணி நேர நடை இருக்கிறது, அதற்காக ஒரு நாளைக் கையிருப்பில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஊரில் ஏழெட்டு இரவு தங்கச் சொல்வது இதற்காகத்தான். மீன் சந்தையில் சுற்றிப் பாருங்கள், சாப்பிடாதீர்கள். விலை பயணிகளுக்கென்று போட்டது.

ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம் இருப்பது தனியாகப் போகும் பெண்ணுக்குப் பெரிய வசதி, விடுதிக்கு இருட்டில் திரும்பும் பேச்சே இல்லை. தூங்குவதற்குக் கண்பட்டை கொண்டு போங்கள்.

செலவு: நார்வே விலை அதிகமான நாடுதான், அதில் ஒளிவுமறைவு இல்லை. தனி ஆளுக்கு அடி விழுவது அறை வாடகையில், பங்கு போட ஆள் இல்லாததால். பெர்கனில் சமையலறை உள்ள ஹாஸ்டலில் தனி அறை எடுங்கள். ரெமா 1000, கிவி மாதிரி மலிவுக் கடைகளில் ரொட்டி, பாலாடைக்கட்டி, பழம் வாங்கி மதியத்துக்குக் கட்டிக்கொண்டு கிளம்புங்கள். நார்வேக்காரர்களும் அப்படித்தான் நடக்கப் போகிறார்கள். ரயில் டிக்கெட்டை முன்கூட்டி எடுத்தால் விலை வெகுவாகக் குறையும். ஜூலைக் கடைசி அவர்களுக்கும் தேசிய விடுமுறைக்காலம் என்பதால் மலை விடுதிகள் நிறைந்துவிடும்.

கணக்குப் போட்டுப் பார்த்து நார்வே எட்டவில்லை என்றால், ஸ்பெயின். சிரிக்காதீர்கள். செவில்லும் மாட்ரிட்டும் வேகும் அதே நாளில் வடமேற்கு மூலையில் அட்லாண்டிக்கைப் பார்த்து நிற்கும் ஆ கொருன்யாவில் பகல் 22, 23 டிகிரி, ராத்திரி 16. மூன்று பக்கமும் கடல், ஊருக்குள்ளேயே மணல்வெளி, முனையில் ரோமானியர் கட்டி இன்றும் விளக்கெரியும் கலங்கரை விளக்கம். ஜூலைக் கடைசியில் சூரியன் மறையவே பத்து மணி ஆகிறது. தனியாகச் சாப்பிடும் பிரச்சினையை அந்த ஊர் வேறு விதமாகத் தீர்க்கிறது. ராத்திரிச் சாப்பாடு என்பதே பார் கவுண்டரில் நின்றபடி சின்னத் தட்டு ஒன்று, பிறகு அடுத்த கடையில் இன்னொன்று. நிற்பவரிடம் எத்தனை பேர் என்று யாரும் கேட்பதில்லை. புனித யாகப்பரின் யாத்திரைத் தலமான சான்டியாகோ அரை மணி நேர ரயில் தூரம்தான், ஆனால் ஜூலை 25 அவருடைய திருநாள். அந்த வாரம் அங்கே தங்க இடம் தேடாதீர்கள், பகலில் போய்த் திரும்பினாலும் கூட்டத்தில் நெரிய வேண்டும்.

ஸ்காட்லாந்தும் நல்ல இடம்தான். ஹைலேண்ட்ஸில் காற்று நின்ற மாலைகளில் ‘மிட்ஜ்’ என்ற பொடிக்கொசு கூட்டமாக மொய்க்கும், எடின்பரோவில் ஆகஸ்ட் தொடங்கியதும் கலைவிழாவால் அறை வாடகை எகிறிவிடும். ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டான ஷெங்கனில் பிரிட்டன் இல்லை என்பதால் விசாவும் தனி. நார்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் ஷெங்கனில் இருக்கிறது, ஸ்பெயினும் இத்தாலியும் அதில்தான். உங்கள் பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா தேவை என்றால் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். அதிக நாள் தங்கும் நாட்டின் தூதரகத்தில் கொடுங்கள்.

விமான டிக்கெட்டைக் கடைசியில் எடுங்கள். ஃபின்சேயில் இடம் இருக்கும் மூன்று இரவு எது என்று முதலில் பார்த்து, அதைப் பதிந்துவிட்டு, மற்ற தேதிகளை அதன் இரண்டு பக்கமும் அடுக்குங்கள். ஓஸ்லோவிலும் பெர்கனிலும் எப்படியாவது ஒரு அறை கிடைத்துவிடும்.