கரையான் மருந்து கேன் சாய்ந்து கொட்டினால் முதலில் என்ன செய்வது?

பாளையங்கோட்டையில் ஒரு வீட்டில் குளோர்பைரிபாஸ் என்ற கரையான் மருந்து கேன் தரையில் சாய்ந்துவிட்டது, தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டவே வேண்டாம். கழுவினால் அது சாக்கடை வழியாகப் பாளையங்கால்வாய்க்குப் போகும், அந்தத் தண்ணீரில்தான் கீழே வயலும் விளைகிறது, மீனும் கிடக்கிறது.

முதலில் வீட்டு ஆட்களையும் ஆடு, கோழியையும் தள்ளிப் போகச் சொல்லுங்கள். கரைப்பான் கலந்த மருந்து தீப்பிடிக்கும், அதனால் அடுப்பும் பீடியும் அணைய வேண்டும். ரப்பர் கையுறை, பூட்ஸ், முகக்கவசம் போட்டுக்கொண்டு கேனை நிமிர்த்துங்கள். அப்புறம் கொட்டியதைச் சுற்றி மணலால் வரப்பு கட்டி, ஓரத்திலிருந்து உள்பக்கமாக மணலோ மரத்தூளோ போடுங்கள். ஊறியதும் அள்ளி, தடித்த பையில் கட்டி, மருந்தின் பெயரை எழுதி வையுங்கள், குப்பைத்தொட்டியில் போடக்கூடாது. வேலைக்குப் போகும்போதே வண்டியில் ஒரு வாளி மணல் வைத்திருப்பது என் பழக்கம், பலர் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

சட்டை நனைந்திருந்தால் கூச்சப்படாமல் அங்கேயே கழற்றிவிட்டு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் 15 நிமிடம் தண்ணீர் விடுங்கள். தலைசுற்றல், வாந்தி, எச்சில் ஒழுகல் வந்தால் 108, கையோடு மருந்தின் லேபிளும் போகட்டும், முறிவு மருந்து எது என்று டாக்டர் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்.