வெளிநாட்டிலிருந்து பழைய கார் வாங்குவது: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

பஹ்ரைனில் 19 வருடம் பழைய கார் பட்டறையில் வேலை பார்த்துவிட்டு இப்போது தக்கலையில் இருக்கிறேன். ஒரு வாரமாக வந்த கேள்விகளுக்குத் தெரிந்த வரை பதில் எழுதியிருக்கிறேன்.

மார்த்தாண்டம்: அண்ணாச்சி, துபாயில் 1984 மாடல் பென்ஸ் மலிவாக வருகிறது. ஊருக்குக் கொண்டு வரலாமா?

இப்போதைக்கு முடியாது தம்பி. பயன்படுத்திய காரை இறக்குமதி செய்ய வேண்டுமென்றால் அது தயாராகி 3 வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது, ஸ்டியரிங்கும் வலது பக்கம் இருக்க வேண்டும். இது பொது விதி. பழமைக்கான விலக்கு முன்பு 1950-க்கு முன் செய்த வண்டிகளுக்கு மட்டும்தான் இருந்தது. 2025 பிப்ரவரியில் அதை 50 வருடம் முடிந்த வண்டிகள் என்று மாற்றினார்கள். உங்கள் பென்ஸுக்கு 2034-ல்தான் 50 ஆகும். அதற்குள் யாராவது "நான் ஏற்பாடு செய்து தருகிறேன்" என்று முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

நாகர்கோவில்: இங்கிலாந்தில் 1968 மோரிஸ் மைனர் பார்த்து வைத்திருக்கிறேன். படத்தில் பளபளவென்று இருக்கிறது. அக்கா மகன் அங்கே வேலை பார்க்கிறான். அவனை அனுப்பி எதைப் பார்க்கச் சொல்ல வேண்டும்?

படத்தில் தெரிவது பெயிண்ட் மட்டும்தான். அந்த ஊரில் பனிக்காலத்தில் ரோட்டில் உப்பு போடுவார்கள், அது வண்டியை அடியிலிருந்து தின்னும். பையனிடம் ஒரு சின்னக் காந்தம், டார்ச், போட்டுக்கொள்ளப் பழைய சட்டை மூன்றும் கொடுத்து அனுப்புங்கள். காந்தத்தைத் துணியில் சுற்றிக் கதவின் கீழ்விளிம்பு, சக்கர வளைவு, கதவுக்குக் கீழே ஓடும் சில் என்று வைத்துப் பார்க்கட்டும். பிடிக்காத இடத்தில் துருவை மறைக்க உள்ளே பட்டி (நிரப்பும் பசை) வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்புறம் வண்டியைத் தூக்கச் சொல்லி, முன்பக்கச் சட்டக் கால்கள், நடுக் குறுக்குச் சட்டம், பின்சக்கர வில் பட்டையின் மாட்டுமிடங்கள் மூன்றையும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். புதிதாகத் தார் பூசியிருந்தால் அங்கே கூடுதலாக நேரம் செலவழிக்கட்டும். ஜெர்மனியிலிருந்து எங்கள் பட்டறைக்கு ஒரு பீட்டில் வந்தது. படத்தை மட்டும் நம்பி வாங்கியது. பின்சீட்டுக்கு அடியில் பேட்டரி இருக்கும் இடத்தில் தாரைச் சுரண்டியதும் ஸ்க்ரூ டிரைவர் தரைக்குப் போய்விட்டது. அந்த முதலாளி அன்று முழுக்க யாரிடமும் பேசவில்லை. அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

மைனரில் முன்சக்கரத்தைத் தாங்கும் டிரனியன் என்ற மரையிட்ட பாகம் உண்டு. கிரீஸ் அடிக்காமல் விட்டால் மரை தேய்ந்து சக்கரம் அப்படியே மடிந்துவிடும். ஜாக்கி போட்டு, சக்கரத்தை மேலும் கீழுமாக ஆட்டிப் பார்க்க வேண்டும்.

எஞ்சின் ஆறியிருக்கும்போதுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும், அதை முன்னாலேயே சொல்லிவிடுங்கள். பையன் போகும்போது பானெட் சூடாக இருந்தால் இன்னொரு நாள் போகட்டும். நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளைப்புகை சூடான பிறகும் நிற்காவிட்டால் தண்ணீர் உள்ளே போகிறது.

காகிதத்துக்கும் இதே கவனம் வேண்டும். அந்த நாட்டு ஆண்டுச் சோதனைப் பதிவை வண்டி நம்பரைப் போட்டு இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம், 2005-லிருந்து இருக்கிறது. ஆனால் 2018-லிருந்து 40 வருடம் தாண்டிய வண்டிகளுக்குப் பொதுவாக அந்தச் சோதனை கட்டாயமில்லை. அதனால் பதிவு பாதியில் நின்றிருக்கலாம். நின்ற வருடத்தில் துரு பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். அங்குள்ள பதிவுப் புத்தகம் உரிமைச் சான்று அல்ல, அதை அதிலேயே அச்சடித்திருப்பார்கள். விற்பவர் வாங்கியபோது கிடைத்த பில்லையும் கேளுங்கள். சேஸிஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும் காகிதத்தோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். 17 இலக்கச் சேஸிஸ் நம்பர் 1980களில் வந்தது, 68 மாடலில் சிறிதாகத்தான் இருக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

குலசேகரம்: வரி எவ்வளவு வரும் சார்?

வண்டி விலை, கப்பல் கூலி, இன்சூரன்ஸ் மூன்றையும் கூட்டி அதன் மேல்தான் தீர்வை போடுவார்கள். மொத்தமாக வண்டி விலையைவிட அதிகம் வரும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். எந்தத் துறைமுகம், எவ்வளவு தீர்வை என்று கிளியரிங் ஏஜென்டிடம் (சுங்க வேலையை முடித்துத் தருபவர்) எழுத்தில் வாங்கிய பிறகே முன்பணம் அனுப்புங்கள்.

தக்கலை: வந்த பிறகு தினமும் ஓட்டலாமா? எந்த நம்பர் கிடைக்கும்?

2021 விதிப்படி 50 வருடம் தாண்டிய வண்டிக்குத் தனிப் பதிவு உண்டு. நம் மாவட்டத்தின் வழக்கமான 74, 75 எண்ணுக்குப் பதிலாக டிஎன் என்பதற்குப் பின் விஏ என்று வரும். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். தினசரி ஓட்ட அனுமதி இல்லை. கண்காட்சி, ரேலி, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்றுதான் எடுக்கலாம். சேஸிஸ், பாடி, எஞ்சின் மூன்றும் பெரிய மாற்றமில்லாமல் பழைய வடிவில் இருக்க வேண்டும். ஆகவே எஞ்சின் மாற்றிய வண்டியை அங்கேயே விட்டுவிடுங்கள்.

களியக்காவிளை: கேரளா பக்கம் வெளிநாட்டு வண்டி பாதி விலைக்குத் தருகிறார்களே?

2025 செப்டம்பரில் அங்கே சுங்கத்துறை 'நும்கோர்' என்ற பெயரில் சோதனை நடத்தி, பூட்டான் வழியாகக் கொண்டு வந்து போலிக் காகிதத்தில் பதிவு செய்ததாகச் சந்தேகப்பட்ட கார்களைப் பறிமுதல் செய்தது. பில் ஆஃப் என்ட்ரியின் (இறக்குமதிக்குச் சுங்கத்தில் தாக்கல் செய்யும் காகிதம்) மூலப் பிரதியைக் காட்டாதவரிடம் பேச்சை நிறுத்திக்கொள்ளுங்கள்.

குளச்சல்: வீடு கடற்கரைக்குப் பக்கம். வண்டி தாங்குமா?

தாங்க வைக்கலாம், ஆனால் வேலை இருக்கிறது. நமக்கு ஆடியிலும் மழை, ஐப்பசியிலும் மழை, வருடம் முழுக்க உப்புக்காற்று. பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டு மூடினால் ஈரம் உள்ளேயே நிற்கும், பருத்தித்துணி போடுங்கள். மாதம் ஒரு முறை நல்ல தண்ணீரில் அடிப்பகுதியைக் கழுவி, காயவைத்து, கதவுக்குக் கீழே உள்ள சில்லுக்குள் மெழுகு அடியுங்கள். இன்னொன்று, இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். பழைய ரப்பர் குழாயை அது கெடுக்கும், ஈரத்தையும் இழுக்கும். குழாய்களை எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றுங்கள். மாதக்கணக்கில் நிறுத்தினால் டேங்கைக் காலி செய்துவிடுங்கள்.

இரணியல்: அண்ணா, அப்பா ஓட்டிய ஸ்டாண்டர்ட் ஹெரால்டு மாதிரியே ஒன்று வேண்டும். இங்கிலாந்தில் நிறைய இருக்கிறதாம். வாங்கலாமா?

வேண்டாம் தங்கச்சி. ஹெரால்டை நம் சென்னையிலேயே செய்தார்கள். அப்பா ஓட்டியதும் அதுதான், அங்கே கிடைப்பது டிரையம்ப் பெயரில் வந்தது. இங்கே பொறுமையாகத் தேடினால் கிடைக்கும், வரியும் இல்லை. பாடிக்குக் கீழே தனிச் சட்டம் உண்டு, அதன் பக்கவாட்டுக் கைகள்தான் முதலில் துருப்பிடிக்கும். அங்கே பாருங்கள். இதற்கும் டிரனியன் உண்டு, ஆனால் மைனர் மாதிரி கிரீஸ் இல்லை, கியர் ஆயில்தான் விட வேண்டும். வண்டி கிடைத்ததும் சொல்லுங்கள், பார்க்க நானும் கூட வருகிறேன்.