அந்த இரண்டு தலையணையை டாக்டரிடம் சொன்னீர்களா?

கேள்வி: என் வயது 36. உயரம் 160 செ.மீ., எடை 118 கிலோ. ஆறு வருடமாகச் சர்க்கரை நோய். 'ஸ்லீவ்' முறையில் இரைப்பையைச் சிறிதாக்கும் ஆபரேஷன் செய்துகொள்ளச் சொல்கிறார் டாக்டர். நாத்தனாரோ, "உயிருக்கே ஆபத்து, குறைந்த எடையும் திரும்ப ஏறிவிடும். வாரம் ஒரு ஊசி போட்டுக்கொண்டால் போதும்" என்கிறார். நெஞ்செரிச்சலால் இரண்டு தலையணை வைத்துப் படுத்தும் தூக்கம் வருவதில்லை. என்ன முடிவெடுப்பது?

பதில்: அன்புச் சகோதரி, போகிறபோக்கில் எழுதிவிட்டீர்களே, அந்த இரண்டு தலையணை, அதுதான் எனக்கு முதலில் கண்ணில் பட்டது. ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுவார்கள். மிஞ்சுவது ஒடுங்கிய ஒரு குழாய். அதற்குள் அழுத்தம் கூடுவதால், ஏற்கெனவே அமிலம் மேலேறும் தொல்லை உள்ளவர்களுக்கு அது இன்னும் மோசமாகலாம். அதைத் தாங்க முடியாமல் பிறகு பைபாஸுக்கு (இரைப்பையில் சிறு பை மட்டும் விட்டு, அதை நேராகச் சிறுகுடலோடு இணைக்கும் ஆபரேஷன்) மாற்றிக்கொண்டவர்களும் உண்டு. அதனால் நாள் குறிப்பதற்கு முன் நெஞ்செரிச்சலைச் சொல்லி, எண்டோஸ்கோபி செய்து பார்த்துவிடுங்கள். "எனக்கு ஸ்லீவா, பைபாஸா?" என்று நேராகவே கேளுங்கள்.

உயிர் பயம் நியாயமானது. தையல் போட்ட இடத்தில் கசிவு, ரத்தக்கசிவு, கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைதல் ஆகியவை வரக்கூடும். ஆனால் அனுபவமுள்ள மருத்துவமனைகளில் மரணம் மிக அரிது. பித்தப்பை ஆபரேஷனை ஒட்டிய அளவுதான். வீடு திரும்பிய பின் காய்ச்சல், படபடப்பு, கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஸ்வீடனில் 1987-ல் தொடங்கிய நீண்டகால ஆய்வில், ஆபரேஷன் செய்துகொண்டவர்களிடையே இறப்பு குறைவாகவே இருந்தது. உங்கள் எடைக்கு, எதுவும் செய்யாமல் இருப்பதிலும் ஆபத்து இருக்கிறது.

ஊசியைப் பற்றி நாத்தனார் சொல்வதைத் தள்ளிவிட மாட்டேன். செமாகுளூடைட் என்ற வார ஊசியில், சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்கு 68 வாரங்களில் சராசரியாக 15 சதவீத எடை குறைந்தது; சர்க்கரை உள்ளவர்களுக்குச் சுமார் 10 சதவீதம்தான். அதோடு, நிறுத்திய ஒரு வருடத்துக்குள், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. அதாவது விடாமல் போட வேண்டும். ஆபரேஷனில் முதல் ஓரிரண்டு வருடத்தில் பெரும்பாலும் 25 முதல் 30 சதவீதம் குறையும். அதன்பின் கொஞ்சம் ஏறும். பலருக்கு முழுவதும் திரும்புவதில்லை. சர்க்கரையும் பலருக்குக் கட்டுக்குள் வந்து, சிலருக்குச் சில வருடங்கள் கழித்துத் தலைதூக்குகிறது.

ஒன்று மட்டும் மறக்கக்கூடாது. ஆபரேஷன் முடிந்த சில நாட்களிலேயே சர்க்கரை சரசரவென இறங்கும். பழைய அளவிலேயே இன்சுலினோ மாத்திரையோ போட்டால் தாழ்சர்க்கரையில் மயங்கிவிடக்கூடும்; அளவைக் குறைப்பது யார் பொறுப்பு என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

அதன்பின் வருவதுதான் நிஜ வாழ்க்கை. ஒரு சிறு கிண்ணம் சாப்பாட்டை அரை மணி நேரம் மென்று சாப்பிட வேண்டியிருக்கும். பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகளும் ரத்தப் பரிசோதனையும் ஆயுள் முழுக்க. வாந்தி நிற்காமல் தொடர்ந்தால் தயமின் (வைட்டமின் பி1) குறைந்து நரம்பையும் மூளையையும் பாதிக்கும். சாதாரண வாந்தி என்று விடாதீர்கள். மூன்றாம் மாத வாக்கில் பலருக்கு முடி கொட்டும். பெரும்பாலும் திரும்ப வளரும்.

அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கும்போது நாத்தனாரையும் கூட்டிப் போங்கள். அவர் கேட்கும் கேள்விகளை அவரே டாக்டரிடம் கேட்கட்டும்.