மாடு யார் கைக்குப் பால் விடுகிறது?

கேள்வி: கே.வி.குப்பத்தை அடுத்த கிராமத்தில் ஆறு கறவை மாடுகளும் சில ஆடுகளும் வைத்துப் பண்ணை நடத்துகிறேன். போன மாதம் பொய்கைச் சந்தையில் ஒரு சினைக் கிடாரியும் வாங்கிக் கட்டியிருக்கிறேன். கொட்டகையில் காண்பவற்றிலிருந்து தினமும் ஒரு விசுவாசப் பாடம் எழுதிச் சபையாருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். ஞாயிறு பள்ளியிலும் அவற்றையே சொல்லிக்கொடுப்பேன். மாடுகள் 72 வயதான என் தாயின் கைக்குத்தான் பால் விடும் என்பதால் அவரால் ஞாயிறு ஆராதனைக்கு வர இயலுவதில்லை. ஆடுகள் மேய்ப்பனின் சத்தத்தை அறியும் என்பதற்கு அதையே சான்றாக்கி நான் எழுதிய தியானத்தைப் பலரும் பாராட்டினார்கள். ஆனால் சில மாதங்களாக எதைப் பார்த்தாலும் எழுதத் தோன்றவில்லை. கல்லூரியில் படிக்கும் மகனும் கேலி செய்கிறான். பண்ணை வாழ்வில் மீண்டும் பாடங்களைக் கண்டடைவது எப்படி?
– வாசகர், வேலூர் மாவட்டம்

பதில்: சகோதரரே, தியானம் வற்றிவிட்டது, ஜெபம் வறண்டுவிட்டது என்று வரும் கடிதங்கள் எனக்குப் புதியவை அல்ல. இது எல்லா விசுவாசிகளுக்கும் வருகிற சோர்வுதான், கலங்காதீர்கள் என்று எழுதிவிட்டால் உங்களுக்கும் ஆறுதலாக இருக்கும், எனக்கும் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரி என்னை அப்படி எழுத விடவில்லை. மாடுகள் உங்கள் தாயின் கைக்குத்தான் பால் விடும், ஆகையால் அவர் ஆலயத்துக்கு வருவதில்லை என்கிறீர்கள். அந்த ‘ஆகையால்’ எங்கிருந்து வந்தது?

மாடு ஏன் ஒருவர் கைக்கு மட்டும் பால் விடுகிறது என்பது பண்ணை வைத்திருக்கும் உங்களுக்குத் தெரியாததல்ல. மடியைக் கழுவித் தடவிக்கொடுக்கும்போது மாட்டின் உடலில் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் சுரந்து ஒரு நிமிடம் போலப் பால் இறங்குகிறது. அந்தச் சுரப்பு சில நிமிடங்களே நிற்கும். பழக்கமில்லாத கையோ அதட்டலோ பட்டு மாடு மிரண்டால் பயத்தில் சுரக்கும் அட்ரினலின் குறுக்கிட்டு, அது பாலை அடக்கிக்கொள்ளும். ஆகவே உங்கள் தாயின் கைக்குப் பால் இறங்குகிறது என்றால், மழையானாலும் காய்ச்சலானாலும் அந்தக் கை நாள் தவறாமல் அங்கே இருந்திருக்கிறது என்று பொருள். மடியைத் தொட்டதுமே சூடு ஏறியிருப்பதை அறிவதும், முதல் பீச்சல் பாலைக் கறுப்புத் துணியில் பிடித்துத் மடிநோயின் அடையாளமாகத் திரிதிரியாக வருகிறதா என்று பார்ப்பதும் அந்தக் கைதான். உங்கள் கைக்கு மாடு பால் விடாததற்கும் அதே காரணத்தைத்தான் சொல்ல வேண்டும். அந்தத் தியானத்தில் மேய்ப்பன் யார் என்று எழுதினீர்களோ எனக்குத் தெரியாது. உங்கள் கொட்டகையில் அது நீங்கள் அல்ல.

மாற்கு ஏழாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதைத் தேவனுக்குக் காணிக்கையாக்கிவிட்டேன் என்று சொல்லித் தப்பித்துக்கொண்ட பக்திமான்களை இயேசு அங்கே கண்டிக்கிறார். அவர்கள் நாத்திகர்கள் அல்லர், வேத அறிவில் தேர்ந்தவர்கள். விடியற்காலையில் தாய் பால் வாளியோடு குந்தியிருக்க, மகன் அதே நேரத்தைத் தேவனுக்கென்று ஒதுக்கி, அவர் உழைப்பையே பொருளாக்கித் தியானம் எழுதுவதை அந்தக் காணிக்கையிலிருந்து எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்று எனக்கு விளங்கவில்லை.

ஓய்வுநாளில் பால் கறப்பது பாவம் என்று நான் சொல்லவில்லை. எருதையும் கழுதையையும் அவிழ்த்துக்கொண்டுபோய்த் தண்ணீர் காட்ட மாட்டீர்களா என்று கேட்டவர் கர்த்தரே. மடி கட்டிய மாட்டைக் கறக்காமல் விட்டுப் பாட்டுப் பாடப் போவது பக்தியும் ஆகாது. யாராவது கறந்துதான் தீர வேண்டும், அது யார் என்பதே கேள்வி. யாத்திராகமத்தின் ஓய்வுநாள் கட்டளை குமாரன், குமாரத்தி, வேலைக்காரன், வேலைக்காரி, மிருகஜீவன், அந்நியன் வரைக்கும் எண்ணிச் சொல்கிறது. தாயை அதில் சேர்க்கவில்லை. அடுத்த கட்டளையே தகப்பனையும் தாயையும் கனம்பண்ணச் சொல்வதால் தனியே சொல்லத் தேவையில்லை என்றிருக்கலாம். நோயில் கிடப்பவர்களுக்கு ஆயர் வீட்டுக்கே வந்து திருவிருந்து கொடுப்பார். உங்கள் தாய்க்கு நோயில்லை. அவர் வாசல் தாண்டாமல் இருப்பதற்கு ஒரே காரணம், மகன் கறக்கப் பழகவில்லை என்பதுதான்.

அம்மாவே விரும்பித்தான் செய்கிறார் என்று அடுத்த கடிதத்தில் எழுதுவீர்கள். நம் வீடுகளில் எந்தத் தாய் வேறு மாதிரி சொல்லியிருக்கிறார்? வயதானவர்கள் மாட்டைத் தொடவே கூடாது என்பது என் கட்சியல்ல. அப்படிப் பிடுங்கி உட்கார வைத்தால் அவர் ஏங்கிப்போவார். ஆசைப்பட்டுக் கறக்கட்டும், ஆனால் அவர் இல்லாவிட்டால் ஆளில்லை என்ற நிலையில் வைக்காதீர்கள்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். நாளை முதல் கறவை நேரத்தில் தாயின் பக்கத்தில் நில்லுங்கள். தவிடும் புண்ணாக்கும் உங்கள் கையால் வையுங்கள். மாடு உங்கள் வாசனைக்குப் பழகிய பிறகு மடியைக் கழுவுங்கள். அதன் பின் இருப்பதிலேயே சாதுவான மாட்டில் கடைசிப் பாலை மட்டும் கறக்கத் தொடங்குங்கள். நகத்தை வெட்டிக்கொள்ளுங்கள். கட்டைவிரலை மடக்கிக் காம்பை இழுக்காமல் முழுக் கையால் அழுத்திக் கறக்க உங்கள் தாயே சொல்லித் தருவார். முரட்டு மாடு உதைத்தால் ஊசி போட்டுப் பால் இறக்கலாம் என்று எவராவது யோசனை சொல்வார்கள், அந்தப் பக்கமே போகாதீர்கள். சினைக் கிடாரி வந்திருப்பதும் நல்லதாயிற்று. அது இன்னும் எவர் கைக்கும் பழகவில்லை. ஈனுவதற்கு முன்பே தினமும் தடவிக்கொடுத்து மடியைத் தொட விட்டுவந்தால், ஈன்ற பின் அது உங்கள் கைக்கே பால் விடும்.

அதுவரை தியானம் எழுதுவதை நிறுத்திவையுங்கள். மோசே மாமனாரின் ஆடுகளை மேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் முட்செடி எரிவதைக் கண்டார். மந்தையின் பின்னாலே போகையில் கர்த்தர் தன்னை அழைத்ததாக ஆமோஸ் சொல்கிறார். பாடம் தேடி அவர்கள் மந்தைக்குப் போகவில்லை, வேலைக்குப் போனார்கள். நம் பகுதியில் 1853இல் அமெரிக்க மிஷனரிகள் தொடங்கிய ஆற்காடு மிஷன்கூட ஆலயம் கட்டியதோடு நிற்காமல் காட்பாடியில் விவசாயப் பயிற்சிக்கென ஒரு நிலையமே நடத்தியது. நம் முன்னோர்களில் பலர் விசுவாசத்தைக் கற்றுக்கொண்டது சேறும் சாணமும் பட்ட கைகளிடமிருந்துதான்.

உங்கள் மகனைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அவன் கேலி செய்வது வேதத்தை அல்ல என்று நினைக்கிறேன். பாட்டி எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறார் என்பது அந்த வீட்டில் அவனுக்குத் தெரியும். அவனைத் திட்டாமல், மாலைக் கறவைக்குக் கூட அழைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த திருவிருந்து ஞாயிறு எது என்று ஆயரிடம் கேட்டுக்கொண்டு, அன்றைக்கு ஞாயிறு பள்ளிப் பாடத்தை வேறு எவரிடமாவது ஒப்படையுங்கள். அதற்குள் ஆறு மாடுகளும் உங்களுக்குப் பழகியிருக்காது. அடங்காத ஒன்றிரண்டைத் தாய் கறக்கட்டும், மற்றவற்றை நீங்கள் கறந்து, பால் சொசைட்டிக்கும் நீங்களே கொண்டுபோய் ஊற்றிவிட்டு, சாணத்தையும் நீங்களே அள்ளிப் போடுங்கள். அவர் குளித்துப் புடவை மாற்றிக்கொள்ள நேரம் வேண்டும். முதல் மணி அடிப்பதற்கு முன் அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு புறப்படுங்கள்.