'சம் லைக் இட் ஹாட்' படத்தைக் கும்பகோணத்தில் திரையிட என்னென்ன கவனிக்க வேண்டும்?

கும்பகோணத்தில் ஒரு மண்டபம் பிடித்து 'சம் லைக் இட் ஹாட்' (1959) திரையிட்டு, முடிந்ததும் பால்புதுமையர் (குயர் மக்கள்) பற்றிப் பேச நினைப்பதாகக் கேட்டிருக்கிறீர்கள். ரவுடிக் கும்பலிடமிருந்து தப்ப இரண்டு ஆண் இசைக்கலைஞர்கள் பெண் வேடம் போடும் ஹாலிவுட் நகைச்சுவைப் படம் அது. தாராளமாகச் செய்யுங்கள். வாடகைப் புரொஜெக்டர், லேப்டாப், தமிழ் வசனவரி (சப்டைட்டில்) என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

முதல் வேலை வசனவரி. நகைச்சுவைப் படத்தைக் கெடுப்பது பெரும்பாலும் அதுதான். பெண் வேடமிடும் இருவரில் ஒருவராக நடிக்கும் ஜேக் லெமன், தனக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்று பூரித்துப்போய்ச் சொல்லும் காட்சியில், வசனத்துக்கு வசனம் கையிலுள்ள மராக்கஸை (கிலுகிலுப்பை போன்ற தாளக்கருவி) ஆட்டிக்கொண்டே இருப்பார். அரங்கச் சிரிப்பில் அடுத்த வசனம் அமுங்கிவிடக் கூடாதென்று இயக்குநர் பில்லி வைல்டர் வைத்த இடைவெளி அது. அந்த இடைவெளியிலேயே அடுத்த வரி திரையில் வந்துவிட்டால் எல்லோரும் முன்பே படித்துவிடுவார்கள், சிரிப்பு செத்துவிடும். வாய் திறக்கும்போதுதான் எழுத்தும் வர வேண்டும். கடைசிப் படகுக் காட்சியில் லெமன் விக்கைக் கழற்றி "நான் ஆம்பளை" என்பதையும், அவரைப் பெண்ணென்று நம்பிக் கல்யாணம் பேசிய பணக்காரர் ஆஸ்குட் அதற்குச் சொல்லும் பதிலையும் ஒரே வரியில் சேர்த்துப் போட்டுவிடாதீர்கள்.

படக்கோப்பு நொடிக்கு 24 பிரேம், வசனவரி 25 பிரேமுக்குச் செய்தது என்றால் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 2 நிமிடம் 24 நொடி விலகிப்போகும். முன்னே பின்னே தள்ளி வைத்தால் தீராது, வேகத்தையே மாற்ற வேண்டும். சில பிளேயர்களில் தமிழ் எழுத்துகளின் கொம்பும் காலும் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும். வசனவரியைப் படத்திலேயே பதித்துவிட்டால் அந்தத் தலைவலி இல்லை. பதித்த பிறகு கடைசி வரை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

உங்கள் படக்கோப்பின் அகல உயர விகிதம் 1.66:1 என்றால், இன்றைய அகலத்திரையில் இரண்டு பக்கமும் மெலிதாகக் கறுப்பு தெரியும், அதுதான் சரி. இழுத்து நிரப்பினால் முகமெல்லாம் அகன்றுவிடும். புரொஜெக்டரின் வண்ண அமைப்பில் 'டைனமிக்' வேண்டாம், 'சினிமா' வையுங்கள். பெண்வேட ஒப்பனை வண்ணத்தில் பச்சையடித்தது என்றுதான் வைல்டர் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். பல புரொஜெக்டர்களில் டைனமிக் அந்தப் பச்சையைத் திரும்பக் கொண்டுவந்துவிடும். 10 அடி அகலத் திரைக்கு 3000 லூமன் வெளிச்சம் போதும், ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடினால். லேப்டாப்போடு புரொஜெக்டருக்கும் யூபிஎஸ் வேண்டும். விளக்கு சூடாக இருக்கும்போது கரண்ட் போனால் விசிறி நின்று விளக்கு கெடும்.

தகரக்கூரை மண்டபத்தை ஐப்பசி, கார்த்திகையில் எடுக்காதீர்கள், மழைச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. முகூர்த்த நாளும் வேண்டாம், பக்கத்து மண்டபத்து மேளம் உள்ளே வரும். தரையில் ஜமக்காளம் விரித்தால் எதிரொலி குறையும்.

உரிமை விஷயம். திரைப்படத்துக்குப் பதிப்புரிமை 60 வருடம்தானே, முடிந்துவிட்டதே என்பார்கள். ஆனால் திரைக்கதைக்கும் பாட்டுக்கும் எழுதியவர் காலமான பிறகும் 60 வருடம் உரிமை உண்டு. திரைக்கதை எழுதியவர்களில் ஒருவரான வைல்டர் இறந்தது 2002இல். உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். உங்கள் ஓடிடி சந்தா பொதுத் திரையிடலுக்குச் செல்லாது.

நம் பக்கத்து விழாக்களில் எனக்குத் தீராத வருத்தம் ஒன்று உண்டு. பொன்னாடை, வரவேற்புரை, வாழ்த்துரை என்று ஒரு மணி நேரம் போய்விடும். இந்தப் படமே 2 மணி நேரம். கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் கலந்துரையாடலுக்கு இருக்கவே மாட்டார்கள். 5 நிமிட அறிமுகம் போதும்.

'உயிருக்குப் பயந்து பெண் வேடம் போடுவது எப்படிப் பால்புதுமை?' என்று யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அந்த வேடத்துக்குள் லெமனின் பாத்திரம் அடையும் சந்தோஷத்தைப் படம் எங்கேயும் கேலி செய்யவில்லை. ஆஸ்குட்டும், அவர் ஆண் என்று தெரிந்தபின் விலகவில்லை. 1959இலேயே வெளிவந்த படம் இது. பெண் வேடம் வந்தாலே கெக்கலிக்கப் பழகிய கூட்டமும் நம்மூரில் உண்டு, அதனால் அறிமுகத்திலேயே இதைச் சொல்லிவிடுங்கள்.

பேச வரும் திருநங்கையருக்கு மற்றப் பேச்சாளர்களுக்குக் கொடுக்கும் அதே தொகையைக் கொடுங்கள். பார்வையாளர்களைப் போட்டோ எடுக்கக் கூடாதென்று அழைப்பிதழிலேயே போடுங்கள், வாசலிலும் எழுதி ஒட்டுங்கள். வந்திருப்பவர்களில் தங்களைப் பற்றி வீட்டில் இன்னும் சொல்லாதவர்கள் இருப்பார்கள். வாட்ஸ்அப் குரூப்பில் போகும் ஒரு போட்டோ மறுநாளே அவர்கள் தெருவுக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.