கேள்வி – பதில்: பல்லவி முதல் கடைசி ஷாட் வரை

கல்லூரிகளில் செயல்முறைத் தேர்வுக்கான ஒப்படைப்பு நாள் நெருங்குகிறது போலும். இம்முறை வந்த கடிதங்களுள் பல, மாணவர்கள் பாடத்திட்டத்துக்காக எடுக்கும் இசைக் காணொளியைப் பற்றியே இருந்தன. அவற்றுள் ஐந்துக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) மூன்றாமாண்டு படிக்கிறேன். நான்கு நிமிடப் பாடலுக்குக் காணொளி எடுக்க வேண்டும். கிராமத்திலிருந்து நகரத்துக்கு வரும் இளைஞன், அவனுடைய காதல், பிரிவு, பல ஆண்டுகளுக்குப் பின் பேருந்து நிலையத்தில் மறுசந்திப்பு என்று கதை எழுதியிருக்கிறோம். துறையின் கேமரா இரண்டு நாள் மட்டுமே கிடைக்கும். முடித்துவிட முடியுமா?
– மாணவி, கோயம்புத்தூர்

பதில்: முடியாது என்றே நினைக்கிறேன். கிராமம், நகரம், இளமை, நடுவயது ஆகியவற்றை இரண்டு பகல்களில் எடுக்க முயன்றால், ஆடை மாற்றுவதிலும் வண்டியில் அலைவதிலும் வெளிச்சம் போய்விடும். கதையைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, பாடலைக் கையில் எடுங்கள். ஒரு தாளில் பல்லவி, முதல் இடையிசை, சரணம், இரண்டாம் இடையிசை என்று பகுதி பிரித்து, ஒவ்வொன்றும் எந்த நொடியில் தொடங்கி எந்த நொடியில் முடிகிறது, எந்த இடத்தில் தாளவாத்தியம் சேருகிறது, எங்கே நிற்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். காட்சிகள் எந்த இடத்தில் மாறத் துடிக்கின்றன என்பதை அந்தத் தாளே காட்டிக்கொடுத்துவிடும்.

நிமிடத்துக்கு 100 தட்டு வேகமுள்ள பாடல் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தட்டு 0.6 நொடி; நொடிக்கு 25 ஃபிரேம் (காணொளியின் தனித்தனிப் படம்) என்ற கணக்கில் அது சரியாக 15 ஃபிரேம். எட்டுத் தட்டு கொண்ட ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனம், அதாவது ஒரு முழுச் சுற்று, 4.8 நொடி ஆகும். ஆக, நான்கு நிமிடத்தில் 50 ஆவர்த்தனம். ஆவர்த்தனத்துக்கு ஒரு ஷாட் என்று நிதானமாகப் போனாலே 50 ஷாட் தேவைப்படும். விரைவான இடையிசையில் இன்னும் கூடும். புதிய குழு ஒன்று நாளொன்றுக்கு இருபது, இருபத்தைந்து ஷாட்டுக்கு மேல் ஒழுங்காக எடுப்பது அரிது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவுடன் கதை தானாகவே சுருங்கும்.

பாடல்வரிக்கும் படத்துக்கும் உள்ள உறவை ஆண்ட்ரூ குட்வின் என்ற ஆய்வாளர் 1992-இல் வெளிவந்த தம் நூலில் மூன்றாகப் பிரிக்கிறார்: வரி சொல்வதையே படமும் காட்டுவது, வரி சொல்லாததைப் படம் கூட்டிச் சொல்வது, வரியோடு ஒட்டாமல் படம் தன்போக்கில் விலகிச் செல்வது. மாணவர் படங்களில் பெரும்பாலானவை முதல் வகையிலேயே நின்றுவிடுகின்றன. மழை என்று பாடினால் வாளித் தண்ணீரைக் கொட்டுகிறார்கள். உங்கள் கதையில் எனக்குப் பிடித்தது கடைசிக் காட்சிதான். பேருந்து நிலையம், இருவர், கிளம்பவிருக்கும் பேருந்து. அதை மட்டும் வைத்துக்கொண்டால், பாடல் பழங்கதையைச் சொல்லட்டும்; படம் அந்த நான்கு நிமிடத்தில் இருவரும் பேசலாமா வேண்டாமா என்று தவிப்பதைக் காட்டட்டும். பேருந்து நிலையத்தில் படமெடுக்க உள்ளாட்சி அமைப்பின் அனுமதி வேண்டியிருக்கும். அதற்குக் கல்லூரி முதல்வரின் கடிதத்தோடு முன்கூட்டியே போய் வாருங்கள். கிடைக்காவிட்டால் கல்லூரிப் பேருந்தும் ஒரு சிமென்ட் பெஞ்சும் போதும்.

கேள்வி: பாடகரின் வாயசைவு முதல் வரியில் பொருந்துகிறது, சரணம் வரும்போது விலகிவிடுகிறது. நண்பரின் கைப்பேசியில்தான் எடுத்தோம். என்ன கோளாறு?
– மாணவர், திருநெல்வேலி

பதில்: கோளாறு பெரும்பாலும் கைப்பேசியில்தான் இருக்கும். கைப்பேசிகள் பல, வெளிச்சத்துக்கும் தம் வேலைப்பளுவுக்கும் ஏற்ப ஃபிரேம் வேகத்தை நொடிக்கு நொடி ஏற்றி இறக்குகின்றன. அத்தகைய கோப்பை எடிட்டிங் மென்பொருளில் நேராக இட்டால், தொடக்கத்தில் பொருந்தியது போகப்போக நழுவும். ஹேண்ட்பிரேக் போன்ற இலவச மென்பொருளில் நிலையான ஃபிரேம் வேகத்துக்கு மாற்றிவிட்டுப் பிறகு எடிட் செய்யுங்கள். அடுத்த முறை எடுக்கும்போது, வேகத்தை 25-இல் பூட்டிவைக்கும் கேமரா செயலியைப் பயன்படுத்துங்கள்; ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒளி விழும் நேரமான ஷட்டரை 1/50 நொடி என்று வைத்தால், நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் டியூப்லைட்டின் துடிப்பும் படத்தில் தெரியாது.

படப்பிடிப்பில் பாடலை ஒலிபெருக்கியில் உரக்கப் போட்டுத்தான் பாட வைக்க வேண்டும். பாடகர் காதுக்குள் கருவியை மாட்டிக்கொண்டு பாடினால், கேமராவில் பாடல் பதிவாகாது. பின்னர் எடிட்டர் உதட்டைப் பார்த்துப் பார்த்துப் பொருத்த வேண்டியிருக்கும். கேமராவின் மைக்கில் பதிவாகும் அந்த இரைச்சல் ஒலியின் அலைவடிவத்தை மூலப் பாடலின் அலைவடிவத்தோடு மென்பொருளே பொருத்தித் தரும். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பிலும் இந்த வசதி உண்டு. பாடல் தொடங்குமுன் அதே தாளத்தில் நான்கு ‘டிக்’ ஒலிகளைச் சேர்த்து வைத்தால், பாடகர் சரியான இடத்தில் வாயெடுப்பார்.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. ஒரு ஃபிரேமுக்கான 40 மில்லிநொடியில் அது கடப்பது 14 மீட்டருக்கும் சற்றுக் குறைவு. ஒலிபெருக்கியைப் பாடகர் அருகில் வைத்துவிட்டு, மைதானத்தின் மறுகோடியில் 30 மீட்டர் தள்ளி நின்று லாங் லென்ஸில் (தொலைவில் உள்ளதை அருகில் காட்டும் லென்ஸ்) எடுத்தால், கேமராவில் பதியும் பாடல் இரண்டு ஃபிரேம் பிந்தியே வந்து சேரும். மென்பொருள் அந்தப் பிந்திய ஒலிக்கே பொருத்தும். அத்தகைய ஷாட்டுகளில் மூலப் பாடலை இரண்டு ஃபிரேம் முன்னதாகவே ஒலிக்கும்படி நகர்த்துங்கள்.

மேலும், பாடகர் தோன்றும் ஒவ்வோர் இடத்திலும் பாடலை ஒருமுறையாவது முதலிலிருந்து முடிவுவரை நிறுத்தாமல் பாட வைத்து எடுத்துவிடுங்கள். எடிட்டிங்கில் எந்த ஷாட் காலை வாரினாலும், தாவி ஏறிக்கொள்ள அந்த முழுநீள ஷாட் இருக்கும்.

கேள்வி: சினிமாப் பாடல்களில் எல்லாம் மெதுவாக நகர, கதாநாயகன் மட்டும் பாடலோடு சரியாக வாயசைக்கிறாரே, அதை நாங்கள் செய்ய முடியுமா?
– மாணவர், ஈரோடு

பதில்: தாராளமாகச் செய்யலாம். பாடலை இரண்டு மடங்கு வேகத்தில் ஒரு கோப்பாக எடுத்துக்கொண்டு, அதைப் போட்டுப் பாட வையுங்கள். கேமராவை நொடிக்கு 50 ஃபிரேமில் ஓட விடுங்கள். அதை 25-இல் ஓட்டும்போது காற்றில் பறக்கும் முடி பாதி வேகத்தில் மிதக்கும். உதடு மட்டும் மூலப் பாடலோடு ஒட்டிக்கொள்ளும். அந்த வேகத்தில் சொற்களை உச்சரிக்கப் பாடகருக்கு வீட்டிலேயே பயிற்சி வேண்டும். வேகமான பாடலுக்கு இதை முயலாதீர்கள், வாய் கூழாகிவிடும்.

கேள்வி: புகழ்பெற்ற திரைப்பாடல் ஒன்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். வகுப்புக்காகத்தானே, உரிமை வாங்க வேண்டுமா? பாரதியார் பாடல் என்றால் சிக்கல் இல்லையா?
– மாணவி, திருச்சி

பதில்: 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 52-ஆம் பிரிவில், கற்பித்தலின்போது ஆசிரியரும் மாணவரும் ஒரு படைப்பைப் பயன்படுத்துவதற்கும், ஆசிரியர், மாணவர், பெற்றோர் போன்றோர் மட்டும் கூடிய அவையில் திரையிடுவதற்கும் இடம் தருகிறது. தேர்வாளர் முன் காட்டுவதோடு நின்றால் பெரும்பாலும் தொல்லையில்லை. யூடியூப்பில் ஏற்றினால் அந்தப் பாதுகாப்பு உங்களோடு வராது; ஏற்றிய சிறிது நேரத்திலேயே அதன் தானியங்கி முறை பாடலை அடையாளம் கண்டுவிடும். வேலை தேடும்போது காட்டுவதற்கு உங்களிடம் இருக்கக்கூடிய முதல் படைப்பு இதுதான் என்பதால், வெளியில் காட்ட முடியாத பாடலைத் தேர்ந்தெடுப்பது வீண் என்பது என் கருத்து.

பாரதியார் 1921-இல் மறைந்தார். அவருடைய வரிகள் பொதுச்சொத்து. ஆனால் அவ்வரிக்கு அண்மையில் ஒருவர் போட்ட மெட்டும், அதை நிறுவனமொன்று செய்த ஒலிப்பதிவும் வெவ்வேறு உரிமைகள். வரி இலவசம் என்பதற்காக அந்த ஒலிப்பதிவை எடுத்துவிட முடியாது. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில், அதாவது படைத்தவரே சில நிபந்தனைகளோடு பிறர் பயன்படுத்த முன்கூட்டி அனுமதி தந்து வெளியிடும் முறையில், கிடைக்கும் இசையிலும் எச்சரிக்கை தேவை: மாற்றியமைக்கக் கூடாது என்ற நிபந்தனை உள்ள இசையைப் படத்தோடு இணைப்பதே மாற்றியமைத்தலாகக் கருதப்படும். இசைக் கல்லூரி மாணவர் ஒருவரையோ, உங்கள் ஊர்க் கானாப் பாடகரையோ அணுகுவதே நல்ல வழி. பாடலாசிரியர், இசையமைத்தவர், பாடியவர் என எல்லோரிடமும் கையெழுத்திட்ட கடிதம் வாங்குங்கள். தேர்வு, இணையம், திரைவிழா மூன்றும் அதில் குறிப்பிடப்பட்டிருக்கட்டும்.

இடத்தைப் பற்றியும் ஒரு சொல். ரயில் தண்டவாளத்தில் நடந்தபடி பாடும் காட்சி இல்லாத மாணவர் படத்தைக் காண்பதே அரிதாகிவிட்டது. 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவுப்படி அத்துமீறி நுழைவது ஆறு மாதம் வரை சிறைக்குரிய குற்றம்; உயிருக்கும் ஆபத்து.

கேள்வி: என் மகன் இந்தப் படத்துக்காகப் புதிய கேமரா கேட்கிறான். வாங்கித் தரத்தான் வேண்டுமா?
– தந்தை, சேலம்

பதில்: வேண்டாம் ஐயா. கேமராவைத் துறையிலேயே தருவார்கள். தராவிட்டால் வாடகைக்குக் கிடைக்கும். பணம் உண்மையில் தேவைப்படுவது மூன்று வேளைச் சாப்பாட்டுக்கும், குழு போய்வர ஒரு வேனுக்கும், படத்தைச் சேமிக்க இரண்டு ஹார்ட் டிஸ்க்குக்கும்தான். எடுத்ததை அன்றிரவே இரண்டிலும் நகலெடுத்து, இரண்டையும் வெவ்வேறு வீட்டில் வைக்கச் சொல்லுங்கள். வெயிலைத் திருப்பி முகத்தில் அடிக்க வெள்ளைத் தெர்மாகோல் அட்டை போதும். பெரிய படப்பிடிப்புகளிலும் அதைத்தான் பிடிக்கிறார்கள். தங்களால் முடிந்தால், படப்பிடிப்பு நாளில் காலை ஐந்து மணிக்கு அவர்களை எழுப்பி அனுப்பி வையுங்கள். ஒன்பது மணிக்குமேல் உச்சிவெயில் முகத்தில் கண்குழி நிழலை விழச் செய்யும். மாலை நான்கு வரை வெளிப்புறக் காட்சிக்கு உதவாது. அந்த இடைவேளையில் நிழலான உட்புறக் காட்சிகளை எடுத்துக்கொள்ளலாம்.