'அ' வராவிட்டால் 'தோசை'யில் தொடங்குங்கள்

கேள்வி: பள்ளத்தூரில் இருக்கிறேன். மகளுக்கு 9 வயது, டவுன் சிண்ட்ரோம். மூன்றாம் வகுப்பு போகிறாள். "இவளுக்கு ஒன்றும் ஏறாது, வீட்டிலேயே வைத்துச் சொல்லிக் கொடுங்கள்" என்று ஆசிரியை சொல்லிவிட்டார். சாயங்காலம் சிலேட்டோடு இரண்டு மணி நேரம் உட்கார்கிறோம். 'அ' எழுதுவதற்குள் அவளும் அழுகிறாள், நானும் அழுகிறேன். மாமியார் இன்னும் ஊட்டித்தான் விடுகிறார். "பாவம் பிள்ளை, அதை ஏன் படுத்துற?" என்று என்னைத்தான் ஏசுகிறார். குன்றக்குடிக்கு நேர்ந்திருக்கிறோம். கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். பள்ளியை நிறுத்திவிடட்டுமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

பள்ளியை நிறுத்த வேண்டாம். இப்போதைக்கு அந்தச் சிலேட்டை எடுத்து வையுங்கள், போதும்.

டவுன் சிண்ட்ரோம் என்கிற பிறவிக் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்குத் தசைகள் தளர்வாக இருக்கும், விரல்களும் குட்டையாக இருக்கும். 'அ'வின் சுழியைப் போடுகிற பிடிமானம் உங்கள் மகளின் விரல்களுக்கு இன்னும் வராமல் இருக்கலாம். அதை வைத்து அவளுக்குப் படிப்பே வராது என்று சொல்லிவிட முடியாது. காதால் கேட்டதைவிடக் கண்ணால் பார்த்தது இந்தப் பிள்ளைகளின் மனதில் நன்றாகத் தங்கும். அதனால் எழுத வருவதற்கு முன்பே வாசிக்க வரும். சிலருக்குப் பேச்சு தெளிவாவதற்கு முன்பே வாசிப்பு வந்துவிடுகிறது.

தனி எழுத்துகளை விட்டுவிட்டு முழுச் சொல்லாகத் தொடங்குங்கள். கெட்டி அட்டையில் பெரிதாக, தடித்த எழுத்தில் அவள் பெயர், அம்மா, பால், தோசை என்று நான்கு மட்டும் எழுதுங்கள். ஒவ்வொன்றையும் இரண்டு அட்டைகளில் எழுத வேண்டும். முதலில் ஒரே மாதிரி இருக்கிற அட்டைகளை அவள் சேர்த்து வைக்கட்டும். அது பழகிய பிறகு "தோசை எது, எடு" என்று கேளுங்கள். அட்டையைக் காட்டி "இது என்ன?" என்று கேட்பது கடைசியில்தான். நாம் அவசரப்பட்டு அங்கேதான் தொடங்குகிறோம். தவறாக எடுத்தால் "தப்பு" என்று சொல்லாமல், கையைப் பிடித்துச் சரியான அட்டையில் வைத்துவிடுங்கள். ஒன்று கவனம்: அப்பா, அப்பத்தா இரண்டையும் சேர்த்துக் கொடுக்காதீர்கள். தொடக்கமும் முடிவும் ஒன்றுபோல இருப்பதால் குழம்பிவிடுவாள். பார்வைக்கு வேறு வேறாக இருக்கிற சொற்களே முதலில் நல்லது.

இரண்டு மணி நேரம் வேண்டவே வேண்டாம். பத்து நிமிஷம், அதுவும் அவள் "இன்னும்" என்று கேட்கும்போதே முடித்துவிடுங்கள். விரல் பலத்துக்கு அடுப்படியே போதும். சீடை உருட்டட்டும், மொச்சை உரிக்கட்டும். எண்ணிக்கையும் அங்கேயே வரும். சாப்பிட உட்காருகிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு தட்டு வைக்கச் சொல்லுங்கள். ஒன்று முதல் நூறு வரை ஒப்பிப்பதைவிட அதற்குத்தான் புத்தி வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. காது, கண், தைராய்டு மூன்றையும் பாருங்கள். இந்தப் பிள்ளைகளுக்குச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்துக்கொண்டு பாதிதான் கேட்பது மிகச் சாதாரணம். கேட்காமல் விழிப்பதை நாம் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்வோம். தைராய்டு குறைந்தால் மந்தமாக இருப்பாள், அதையும் 'இவள் அப்படித்தான்' என்று விட்டுவிடுவோம். குன்றக்குடிக்கு நேர்ந்ததைத் தாராளமாகச் செய்யுங்கள், முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார். ஆனால் தைராய்டு ரத்தப் பரிசோதனையை ஆண்டுக்கு ஒரு தடவை செய்தே ஆக வேண்டும்.

அடுத்தது மாமியார். "ஊட்டாதீர்கள்" என்றால் சண்டைதான் வரும். அவரையே வாத்தியார் ஆக்கிவிடுங்கள். அப்பத்தா சோற்றைப் பிசைந்து உருட்டி, பிள்ளையின் உள்ளங்கையில் வைக்கட்டும். வாய்க்குக் கொண்டுபோவது பிள்ளையின் வேலை. அது வந்த பிறகு, உருண்டையைத் தட்டில் வைத்தால் அவளே எடுத்துக்கொள்வாள். பிசைவது எல்லாவற்றுக்கும் கடைசி. இப்படிக் கடைசிப் படியிலிருந்து பின்னோக்கிப் பழக்கினால் ஒவ்வொரு தடவையும் வேலையை முடித்தவள் அவளாகவே இருப்பாள். பாவாடை கட்டுவதும் அப்படியே: முழங்கால் வரை நீங்கள் ஏற்றுங்கள், இடுப்புக்கு அவள் இழுக்கட்டும்.

இன்னொன்று, கூட்டுக் குடும்பங்களில் நான் அடிக்கடி பார்ப்பது. பிள்ளையிடம் ஒன்று கேட்டால் சுற்றி இருக்கும் மூன்று பேர் அவளுக்காகப் பதில் சொல்லிவிடுவார்கள். கேட்டதை வாங்கிப் பதில் சொல்ல அவளுக்கு நேரம் எடுக்கும். கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள், வீட்டில் மற்றவர்களையும் எண்ணச் சொல்லுங்கள்.

அப்பா எப்போது வருவார் என்று கேட்டுக்கொண்டே இருப்பாள், இல்லையா? "அடுத்த மாசம்" என்றால் அவளுக்கு ஒன்றும் புரியாது. பிள்ளையார் நோன்புக்குத் திருக்கார்த்திகையிலிருந்து நாளுக்கு ஒன்றாக 21 இழை எடுத்து வைக்கிற வழக்கம் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அதே வழிதான். வருவதற்கு எத்தனை நாள் இருக்கிறதோ அத்தனை நூலைக் கட்டித் தொங்கவிட்டு, தினமும் காலையில் ஒன்றை அவள் கையால் எடுக்கச் சொல்லுங்கள். பயணம் உறுதியான பிறகு தொடங்குங்கள், தள்ளிப்போனால் சமாளிப்பது கஷ்டம்.

இனி பள்ளி. அந்த ஆசிரியை சொன்னதற்குச் சட்டத்தில் இடமில்லை. 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி எட்டாம் வகுப்பு முடிக்கும் வரை எந்தப் பிள்ளையையும் வெளியேற்ற முடியாது. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு 6 முதல் 18 வயது வரை பக்கத்துப் பள்ளியிலோ, விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி உண்டு என்கிறது. வீட்டுவழிக் கல்வி என்பது பள்ளிக்கு வரவே முடியாத அளவுக்குக் கடுமையான பாதிப்பு உள்ளவர்களுக்கானது. நடந்து பள்ளிக்குப் போகிற உங்கள் மகளுக்கு அது வேண்டாம். வீட்டில் நீங்கள் எவ்வளவு நன்றாகச் சொல்லிக் கொடுத்தாலும், வரிசையில் நிற்பதையும் சிநேகிதியோடு சண்டை போட்டுச் சேர்வதையும் வீட்டில் கற்றுக்கொள்ள முடியாது. உங்கள் ஒன்றியத்தில் இருக்கும் கல்வித் துறையின் வட்டார வள மையத்துக்குப் போய், மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியர் பள்ளிக்கு வந்து பார்க்க வேண்டும் என்று எழுத்தில் கொடுங்கள். காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தில் சிறப்புக் கல்விக்கென்றே ஒரு துறை இருக்கிறது, அங்கேயும் ஒரு நடை போய்க் கேளுங்கள்.

மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை (UDID) வாங்கிவிட்டீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. இல்லையென்றால் சிவகங்கையில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு மாநில அரசு தரும் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கும் அங்கேயே விண்ணப்பிக்கலாம். இவர்களுக்கென்றே மத்திய அரசு நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவுக்குக் கிடைக்கும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

காதுப் பரிசோதனையில் என்ன வந்தது என்று மறக்காமல் எழுதுங்கள். கேட்கும் திறன் குறைவு என்று வந்தால் அட்டைப் பயிற்சியை வேறு மாதிரி அமைக்க வேண்டியிருக்கும்.